வினாடி வினாத் தீர்ப்பைப் பற்றி உருப்படியாகச் சண்டை போடுவது எப்படி

டிவியில் ஒருவர் சொன்ன விடையை நடுவர்கள் தப்பு என்றதும் நமக்கு ரத்தம் கொதிக்கும். கொதிக்கட்டும். ஆனால் வாதாடும் முன் கேட்கப்பட்ட கேள்வியை ஒரு சொல் விடாமல் எழுதி வையுங்கள், ஏனென்றால் பாதிச் சண்டைகள் நாம் ஞாபகத்தில் வைத்திருக்கும் கேள்வியைப் பற்றித்தான், கேட்ட கேள்வியைப் பற்றி இல்லை. "முதல்", "ஒரே", "இந்தப் பாடல்" என்று ஒரு சின்னச் சொல் எல்லாவற்றையும் மாற்றிவிடும்.

அடுத்தது முக்கியம். "அவர் சொன்னது உண்மையா?" என்பதும் "விதிப்படி அது சரியா?" என்பதும் வேறு வேறு கேள்விகள், இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் சண்டை முடிவதே இல்லை. அமெரிக்காவின் 'ஜெபர்டி' என்ற டிவி வினாடி வினாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிச் சுற்றில் விடையை எழுதித் தர வேண்டும், எழுத்துப்பிழை பரவாயில்லை, ஆனால் உச்சரிப்பு மாறிவிடக் கூடாது. 2023-இல் ஒருவர் ஷேக்ஸ்பியரின் 'பெனடிக்' என்ற பாத்திரத்தை 'பெனடிக்ட்' என்று எழுதினார், தப்பு என்றார்கள். அவருக்கு யாரென்று தெரியும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, ஆனால் கடைசியில் ஒரு ஒலி கூடிவிட்டது. எனக்கு இந்த விதி கொடுமையாகத்தான் படுகிறது. அப்படியென்றால் விதியைத் திட்டுங்கள், அதைப் பின்பற்றிய நடுவரை இல்லை.

இதே விதி இதற்கு முன் எப்படிப் பயன்பட்டது என்றும் தேடுங்கள். 2018-இல் 'கேங்ஸ்டாஸ் பாரடைஸ்' பாட்டின் பெயர் வர வேண்டிய இடத்தில் ஒருவர் 'கேங்ஸ்டர்ஸ்' என்றார். முதலில் சரி என்றவர்கள் அப்புறம் மாற்றிக்கொண்டார்கள், கொடுத்த 1,600 டாலரைப் பிடுங்கி, தப்பான விடைக்காக இன்னொரு 1,600-ஐயும் கழித்ததால் மொத்தம் 3,200 போனது. முன்னுதாரணத்தை வைத்துப் பேசினால் எதிராளி பதில் சொல்லியே ஆக வேண்டும், "அநியாயம்" என்று மட்டும் கத்தினால் அவரும் பதிலுக்குக் கத்துவார்.

ஆதாரம் காட்டுவதாக இருந்தால் கேள்வி கேட்ட நாளில் இருந்த நிலைக்குக் காட்டுங்கள். நேற்றைய சாதனை இன்று உடைந்தால் நேற்றைய விடை தப்பாகிவிடாது.

கடைசியாக, அந்தத் தீர்ப்பால் யார் ஜெயித்தார் என்பது மாறியதா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த 3,200 போன ஆளே அன்றைக்கு ஜெயித்தார். ஆனால் முடிவு மாறியிருந்தால், "தோற்றவரைத் திரும்ப ஆட விடுங்கள்" என்று கேளுங்கள், ஏனென்றால் நடுவர் செய்த பிழை முடிவையே மாற்றிவிட்டால் போட்டியாளரை மறுபடி அழைக்கிற வழக்கம் ஜெபர்டியில் உண்டு.