ஆறு தெரியும் கோ-ஆப் வீடு: நியூயார்க்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் குடியிருக்கும் கோ-ஆப் (கூட்டுறவு) கட்டடத்தின் போர்டில், அதாவது நிர்வாகக் குழுவில், வரவுசெலவு பார்க்கிறேன். போர்டின் சம்மதம் கேட்டு, வீடு வாங்க வருகிறவர்களின் கோப்புகள் என் கைக்கு வரும். அது போக, ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் கேன்டீனில் தோசைக்குக் காத்திருக்கும்போது யாராவது வந்து, “அண்ணா, மன்ஹாட்டன் ஈஸ்ட் சைடில் ஒரு வீடு அமைஞ்சிருக்கு. கிழக்குப் பார்த்த வீடு, ஆறும் தெரியுது” என்று ஆரம்பிப்பார்கள். எங்கள் தலைமுறை வாங்க ஆரம்பித்தபோது செய்த தவறுகளையே இவர்களும் செய்கிறார்கள். கிரெடிட் ஸ்கோரைச் சரிபார், குழாயைத் திறந்து பார் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிட வேண்டும். கோ-ஆப்பில் வீடு உங்கள் பெயருக்குக் கிரயம் ஆகாது. கட்டடம் முழுவதும் ஒரு கம்பெனியின் சொத்து. அதில் உங்களுக்கு இத்தனை பங்கு என்று ஒரு சான்றிதழும், இந்த வீட்டில் குடியிருக்கலாம் என்று ஒரு குத்தகைப் பத்திரமும் கிடைக்கும். மாதாமாதம் கட்டும் பராமரிப்புக் கட்டணம் பங்குகளின் எண்ணிக்கைப்படி வரும். கீழே சொல்லப்போகும் வினையில் பாதி இந்த ஏற்பாட்டிலிருந்து வருவது.

ஜன்னலில் தெரியும் ஆறு நிரந்தரம் என்று நம்புவது

எனக்கு இன்றும் ஆத்திரம் தீராத தவறு இது.

தெரிந்த ஒரு இளம் தம்பதி, வீடு பார்க்கப் போகும்போது என்னையும் கூட்டிப் போனார்கள். ஈஸ்ட் ஃபிஃப்டீஸ் (கிழக்கு 50 முதல் 59 வரையிலான தெருக்கள்) பகுதியில் பழைய கட்டடம், மேல் மாடி. ஹால் தெருவைப் பார்த்து இருந்தது. இரண்டாவது படுக்கையறையின் பக்கவாட்டு ஜன்னலில்தான் ஆறு. குவீன்ஸ்போரோ பாலம், அதன் ஓரமாக ரூஸ்வெல்ட் தீவுக்குப் போகும் டிராம், எதிர்க்கரை எல்லாம் தெரிந்தன. அவர்கள் ஆற்றைப் பார்த்தார்கள், நான் கண்ணாடியைப் பார்த்தேன். இரும்புச் சட்டம். கண்ணாடிக்குள்ளே மெல்லிய கம்பி வலை. கீழே குனிந்தால் பக்கத்து கார் ஷெட்டின் தார் பூசிய மொட்டை மாடி, சுவரை ஒட்டியே ஆரம்பித்தது. மனை எல்லையின் மேலேயே நிற்கும் சுவரில் வைத்த ஜன்னல் அது. இங்கே லாட் லைன் ஜன்னல் என்பார்கள். நெருப்பு பரவாமல் இருக்கத்தான் அந்தக் கம்பிக் கண்ணாடி. பக்கத்து மனைக்காரர் உயர்த்திக் கட்டினால் அதை அடைத்தே ஆக வேண்டும்.

புரோக்கரிடம் கேட்டேன். “இருக்கலாம், ஆனால் இத்தனை வருஷமாக அங்கே யாரும் எதுவும் கட்டவில்லையே” என்றார். அந்த ஒரு வாக்கியம் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. வாங்கினார்கள். அப்புறம் கார் ஷெட் கைமாறியது, பச்சைப் பலகை வேலி வந்தது, கான்கிரீட் மேலே ஏறியது. ஆறு தெரிந்த இடத்தில் இன்று செங்கல். லாட் லைன் ஜன்னலைச் சட்டப்படியான வெளிச்சமாகவும் காற்றாகவும் கணக்கில் எடுப்பதில்லை என்பதால், வேறு ஜன்னல் இல்லாத அந்த அறையைப் படுக்கையறை என்று சொல்லி விற்கவும் முடியாது.

வழக்குப் போடலாமா என்று கேட்டார்கள். நியூயார்க்கில் தனிப்பட்டவர் வீட்டு ஜன்னல் காட்சிக்குச் சட்ட உரிமை கிடையாது. புரூக்ளின் ஹைட்ஸ் நடைமேடையிலிருந்து தெரியும் காட்சியைக் காக்க 1974-இல் தனி மண்டலம் வகுத்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அது பொதுமக்கள் நின்று பார்க்கும் இடத்துக்கான பாதுகாப்பு. உங்கள் ஹால் ஜன்னலுக்கு இல்லை. கோ-ஆப் குத்தகைப் பத்திரத்தை எடுத்துப் படித்தால், வெளிச்சமோ காற்றோ காட்சியோ மறைந்தாலும் கட்டணம் குறையாது என்ற பொருளில் ஒரு பிரிவு வழக்கமாக இருக்கும். அவர்களுடையதிலும் இருந்தது.

இதில் கொடுமை வேறு ஒன்று. கட்டடம் கோ-ஆப்பாக மாறிய அன்று ஒவ்வொரு வீட்டுக்கும் பங்கு பிரிக்கும்போது பரப்பளவு, மாடி, காட்சி எல்லாவற்றையும் பார்த்துத்தான் பிரித்திருப்பார்கள். ஆறு தெரிகிற வீட்டுக்குப் பங்கு அதிகம், அதனால் கட்டணமும் அதிகம். ஆறு போய்விட்டாலும் பங்கு குறையாது. இல்லாத ஆற்றுக்கு அவர்கள் இன்றும் மாதாமாதம் பணம் கட்டுகிறார்கள். ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கியிருந்தால் இவ்வளவும் இலவசமாகத் தெரிந்திருக்கும் என்பதுதான் என் கோபம்.

எந்த மனையில் என்ன கட்டலாம் என்று காட்டும், நகரத்தின் ‘ஸோலா’ இணைய வரைபடத்தைத் திறந்து, உங்கள் ஜன்னலுக்கும் ஆற்றுக்கும் நடுவே உள்ள ஒவ்வொரு மனையையும் தட்டிப் பாருங்கள். எவ்வளவு கட்ட அனுமதி, எவ்வளவு கட்டியிருக்கிறார்கள் என்று தெரியும். அந்த வித்தியாசம்தான் ஆபத்து. நகரத்தின் சொத்துப் பத்திரப் பதிவேடான ‘ஏக்ரிஸ்’ஸில், பக்கத்து மனைக்காரர்கள் ஏர் ரைட்ஸ் (தாங்கள் பயன்படுத்தாத கட்டும் உரிமை) விற்றிருக்கிறார்களா என்று தேடுங்கள். பிறகு தெருவில் நடந்து பாருங்கள். வரிசையாகத் தாழ்ந்த கட்டடங்கள், காலியான மேல் மாடிகள், பெட்ரோல் பங்க் இருந்தால் பெரிதாகக் கட்ட யாரோ மனைகளைச் சேர்த்துக்கொண்டிருக்கலாம். நடுவே ஆற்றோர நெடுஞ்சாலையான எஃப்.டி.ஆர். டிரைவும் கார்ல் ஷுர்ஸ் பூங்காவும், அல்லது மேற்கே ரிவர்சைடு பூங்காவும் மட்டும் இருந்தால் ஓரளவு நிம்மதி.

அக்கம்பக்கத்தார் எதிர்த்தால் நின்றுவிடும் என்றும் நினைக்காதீர்கள். சட்டன் பிளேஸ் பக்கம் உயரமான கோபுரங்களைக் கட்டுப்படுத்த 2017-இல் நகர சபையே விதி போட்டது. அதற்குள் அஸ்திவார வேலை ஆரம்பித்துவிட்டதால், ஈஸ்ட் 58-ஆம் தெருவில் 800 அடிக்கு மேல் ஒரு கோபுரம் எழுந்தேவிட்டது.

கட்டடத்தின் கணக்கை வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று விடுவது

நீங்களும் படியுங்கள். கட்டடத்தின் மேல் எவ்வளவு கடன், எந்த வருடம் அதைப் புதுப்பிக்க வேண்டும், கையிருப்பு எவ்வளவு என்பது முதல் கேள்வி. ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை முகப்புச் சோதனை கட்டாயம். அடுத்த சாரம் எப்போது கட்டப்போகிறார்கள், பணம் ஒதுக்கியாயிற்றா என்று போர்டு கூட்டக் குறிப்புகளில் தேடுங்கள். பெரிய கட்டடங்களுக்கு 2024 முதல் கரியமில வாயு வரம்பு வந்துவிட்டது, 2030-இல் இன்னும் இறுகும். பழைய எண்ணெய் பாய்லர் வைத்திருக்கும் கட்டடம் அதற்கு என்ன செய்யப்போகிறது?

ஹட்சன் ஆற்றைப் பார்த்த காசில் வில்லேஜ் என்ற கோ-ஆப் குடியிருப்பில் 2005 மே மாதம் பிரம்மாண்டமான தாங்குசுவர் சரிந்து நெடுஞ்சாலைப் பக்கம் விழுந்தது. அந்தச் சுவர் நகராட்சியுடையது இல்லை, குடியிருப்பின் சொத்து. மேட்டு நிலமும் காட்சியும் இருந்தால் சுவரும் இருக்கும். அது யார் பொறுப்பு என்று கேளுங்கள்.

நிலம் யாருடையது என்று கேட்காதது

சில கோ-ஆப்கள் குத்தகை நிலத்தில் நிற்கின்றன. ரூஸ்வெல்ட் தீவின் நிலம் நகரத்துக்குச் சொந்தம், குத்தகை 2068 வரை. விலை மலிவாகத் தெரிந்தால் இதை முதலில் விசாரியுங்கள்.

ஊரில் உள்ள மனையையும் நகையையும் சொத்துக் கணக்கில் காட்டுவது

கோவையில் இருக்கும் பிளாட்டும் அம்மாவின் நகையும் உங்களுக்குப் பலம்தான். ஆனால் போர்டு பார்ப்பது முன்பணம் கட்டிய பிறகு வங்கியில் மிஞ்சும் ரொக்கத்தையும், உடனே விற்கக்கூடிய பங்குச்சந்தைப் பங்குகளையும். பல இடங்களில் ஓய்வூதியக் கணக்கைக்கூட ஏற்க மாட்டார்கள். ஒன்று இரண்டு வருடக் கடன் தவணையும் பராமரிப்பும் கட்டும் அளவுக்குக் கையில் இருந்தால் நல்லது. ஊரிலிருந்து அப்பா பணம் அனுப்புவதாக இருந்தால், கடைசி நேரத்தில் வேண்டாம். விண்ணப்பத்துக்குப் பல மாதம் முன்பே வரவழைத்து, அன்பளிப்புக் கடிதமும் வாங்கி வையுங்கள்.

வாடகைக்கு விட்டு ஈடுகட்டலாம் என்று வாங்குவது

வேண்டாம். பெரும்பாலான போர்டுகள் எளிதில் விடாது.

பெற்றோர் வந்து தங்குவதைப் பற்றி விதியைப் படிக்காதது

ஆறு மாதம் தங்குவார்கள் என்றால் முன்பே எழுதிக் கேளுங்கள்.

போர்டு நேர்காணலில் அதிகம் பேசுவது

கேட்டதற்கு மட்டும் பதில்.

அடித்தளத்துக்கு இறங்கிப் பார்க்காதது

2012 அக்டோபர் 29 இரவு, சாண்டி புயலில் ஈஸ்ட் ரிவர் கரையேறியது. உயர மாடியில் இருந்தவர்களின் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. ஆனால் கீழே பாய்லரும் மின்பலகையும் மூழ்கிய கட்டடங்களில் விளக்கு இல்லை, வெந்நீர் இல்லை, லிஃப்ட் இல்லை. வீடு பார்க்கும் அன்றே கட்டட சூப்பரை (பராமரிப்பாளரை) பிடித்து, பாய்லர் எந்தத் தளத்தில், மின்பலகை எந்தத் தளத்தில், 2012-க்குப் பிறகு எதை மேலே மாற்றினீர்கள் என்று கேளுங்கள். வெள்ளக் காப்பீட்டுப் பிரீமியம் எவ்வளவு என்றும் கேளுங்கள்.