முதல் கிரேக்க நாணயம் வாங்கப் போகிறீர்களா? ஆந்தையை விட்டுவிட்டு திராக்மா என்ற சின்ன வெள்ளிக் காசில் ஆரம்பியுங்கள்

பழைய கிரேக்க நாணயம் சேர்க்கலாம் என்று ஆசை வந்ததும் எல்லாரும் தேடிப் போவது ஏதென்ஸின் ஆந்தையைத்தான். ஒரு பக்கம் அத்தீனா தேவி, மறுபக்கம் ஆந்தையும் ஒலிவக் கிளையும் ஒரு குட்டிப் பிறையும். இன்றைய கிரீஸ் தன் ஒரு யூரோ நாணயத்திலேயே அதைப் பதித்து வைத்திருக்கிறது, ஆசை வராமல் என்ன செய்யும்? நானும் அதில்தான் ஆரம்பித்தேன், நன்றாகச் சூடுபட்டேன். 'தாத்தா காலத்துச் சேகரிப்பு' என்று ஒருவர் விற்றதை வீட்டுக்குக் கொண்டுவந்து தராசில் வைத்தால் 14.1 கிராம் காட்டியது. 17.2 கிராமை ஒட்டி இருக்க வேண்டிய நாணயம் அது. விளிம்பைத் திருப்பிப் பார்த்தேன், சுற்றிலும் மயிரிழை போல ஒரு கோடு. இரண்டு பாதி அச்சைச் சேர்த்து உலோகத்தை ஊற்றி வார்த்த தடம். போன பணம் போனதுதான்.

இப்போது மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பதாக இருந்தால் எந்த வரிசையில் செய்வேனோ, அதைக் கீழே எழுதுகிறேன்.

1. நாணயத்துக்கு முன்னால் தராசு

0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, நகைக்கடைக்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பத்து மடங்கு லென்ஸ், அகலம் அளக்க ஒரு வெர்னியர் காலிப்பர். இவ்வளவு போதும். தராசை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், அது அன்றைக்கு என் கையில் இருந்திருந்தால் மேலே உள்ள கதையே இருந்திருக்காது.

2. எதை வாங்குவது

அலெக்சாண்டர் பெயரில் வெளிவந்த வெள்ளி திராக்மா. அவர் கி.மு. 323இல் இறந்தபிறகும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பல ஊர்களில் அவர் பெயரிலேயே நாணயம் அடித்துத் தள்ளியிருக்கிறார்கள், அதனால் சந்தையில் ஏராளம். ஓரளவு தேய்ந்தது ஐரோப்பிய ஏலங்களில் நூறு, இருநூறு யூரோவுக்குள் கிடைக்கும். ஆனால் ஏலத் தொகைக்கு மேல் இருபது சதவீதமோ அதற்கு மேலோ கமிஷன், அப்புறம் தபால் செலவு, சுங்கம் எல்லாம் உண்டு. கை தூக்குவதற்கு முன்பே இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

எடைக் கணக்கு சுலபம். ஏதென்ஸ் வழக்கில் ஆறு ஒபோல் (அதைவிடக் குட்டிக் காசு) ஒரு திராக்மா, நான்கு திராக்மா ஒரு டெட்ராதிராக்மா. ஆந்தை ஒரு டெட்ராதிராக்மாதான். திராக்மா சுமார் 4.3 கிராம், நாலால் பெருக்கினால் ஆந்தையின் 17.2. அலெக்சாண்டரும் இதே எடையைத்தான் எடுத்துக்கொண்டார். புழங்கித் தேய்ந்த திராக்மா 4.1, 4.2 என்று வரும், பரவாயில்லை. 3.4 வந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

3. கையில் வைத்துப் படியுங்கள்

அகலம் 17 மில்லிமீட்டர் அளவுதான், நம் ஒரு ரூபாயைவிடச் சிறியது. ஆனால் தடிமனாக இருக்கும், எடையும் இப்போதைய ஒரு ரூபாயைவிடக் கூடுதல்.

தலைப் பக்கத்தில் கிரேக்கப் புராண வீரர் ஹெராக்ளிஸ். சிங்கத்தின் தலைத் தோலைக் குல்லா மாதிரி மாட்டியிருப்பார், அதன் முன்கால்கள் இரண்டும் தாடைக்குக் கீழே முடிச்சாகத் தொங்கும். லென்ஸில் முதலில் அந்த முடிச்சைத் தேடுங்கள். திருப்பினால் சிம்மாசனத்தில் ஸீயஸ், நீட்டிய கையில் கழுகு, இன்னொரு கையில் செங்கோல். அவருக்குப் பின்னால் மேலிருந்து கீழாக பத்து எழுத்து ஓடும், பாதி பெரும்பாலும் விளிம்புக்கு வெளியே போயிருக்கும். அதை 'அலெக்ஸாண்ட்ரூ' என்று படிக்க வேண்டும். முக்கோணம் 'ட', ஆங்கிலப் 'பி' மாதிரி தெரிவது 'ர'. பொருள் 'அலெக்சாண்டருடைய', நம் ஆறாம் வேற்றுமைதான். கிரேக்க நாணயங்களில் ராஜா பெயரோ ஊர்ப் பெயரோ பெரும்பாலும் இந்த உருபோடுதான் வரும், இது ஒன்று பழகிவிட்டால் பாதி நாணயத்தைப் படித்துவிடலாம்.

ஸீயஸின் முழங்காலுக்கு முன்னாலும் சிம்மாசனத்துக்கு அடியிலும் குட்டிக் குறிகள் இருக்கும்: யாழ், தீப்பந்தம், பின்னிய எழுத்துகள். எந்த ஊர் நாணயச் சாலையில் எப்போது அடித்தது என்பதை ஆய்வாளர்கள் இவற்றை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். அமெரிக்க நாணயவியல் கழகத்தின் 'பெல்லா' என்ற இலவச இணையதளத்தில் அலெக்சாண்டர் நாணய வகைகள் படத்தோடு இருக்கின்றன. உங்களுடையதை அங்கே கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். எனக்கு இந்தப் பொழுதுபோக்கிலேயே பிடித்த பகுதி அதுதான்.

4. போலியைப் பிடிப்பது

உண்மையான நாணயம் கையால் அடித்தது. பட்டறைக் கல்லில் தலைப் பக்கத்து அச்சு, மேலே ஆளின் கையில் பின்பக்கத்து அச்சு, நடுவில் சூடான வெள்ளி வில்லை, ஓங்கி ஒரு அடி. அதனால் படம் பெரும்பாலும் மையத்திலிருந்து விலகியிருக்கும், விளிம்பில் வெடிப்பு இருக்கும். வார்த்த போலியில் கோடுகள் சோப்பில் செதுக்கியது போல மழுங்கியிருக்கும், பரப்பில் குமிழி வெடித்த குட்டிப் பள்ளங்கள் தெரியும்.

இன்னொரு வழி எனக்கு ரொம்பப் பயன்பட்டது. ஒரே அச்சில் அடித்திருந்தாலும் இரண்டு நாணயங்களுக்கு ஒரே வடிவ விளிம்பும் ஒரே விலகலும் ஒரே வெடிப்பும் வராது. நீங்கள் வாங்க நினைப்பதற்கு அப்படி ஒரு இரட்டைப் பிறவி பழைய ஏலப் படங்களில் கிடைத்தால், இரண்டில் ஒன்றாவது போலி, அனேகமாக இரண்டுமே. காந்தத்தை நம்பாதீர்கள், நல்ல போலி நல்ல வெள்ளியிலேயே வரும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் என்பவர் தானே அச்சு வெட்டிப் புது நாணயம் அடித்து, இரும்புத் தூளோடு பெட்டியில் போட்டு, அதைக் குதிரை வண்டியில் கட்டி ஊர் சுற்றுவாராம், குலுங்கிக் குலுங்கிப் பழசாக! அவருடைய போலிகளையே இன்று தனியாகச் சேர்க்கிறார்கள்.

5. யாரிடம், எந்தக் காகிதத்தோடு

போலி என்று தெரிந்தால் திருப்பி எடுத்துக்கொள்வதாக எழுதிக் கொடுக்கிறவரிடம் மட்டும் வாங்குங்கள். முன்பு எந்த ஏலத்தில், எந்த ஆண்டில், எந்த எண்ணில் விற்றது என்ற வரலாறு இருந்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தகும். துருக்கிக்கோ கிரீஸுக்கோ சுற்றுலா போகிற இடத்தில், இடிபாடுகளுக்குப் பக்கத்தில் யாராவது உள்ளங்கையைத் திறந்து காட்டினால் நடையைக் கட்டுங்கள்: போலியாக இருந்தால் பணம் போகும், அசலாக இருந்தால் விமான நிலையத்தில் மானம் போகும்.

நம்மூரிலும் 'கரூர் ஆற்றில் கிடைத்தது சார்' என்பார்கள். அமராவதிப் படுகையில் கிரேக்க நாணயங்கள் கிடைத்தது உண்மைதான், அந்த உண்மையைக் காட்டித்தான் விற்கிறார்கள். ஆனால் மண்ணிலிருந்து கிடைத்த புதையலை 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். அது போக, 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருள், தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பின்னால் வெளிநாட்டு ஏலத்தில் விற்று லாபம் பார்க்கலாம் என்ற கணக்கெல்லாம் வேண்டாம்.

6. வீட்டுக்கு வந்த பிறகு

தேய்க்காதீர்கள். விபூதி, புளி, பற்பசை எதுவும் கூடாது. இரண்டாயிரம் வருடம் ஏறிய கருமையை ஒரு நிமிடத்தில் எடுத்துவிடலாம், திரும்ப வைக்க முடியாது. மண் ஒட்டியிருந்தால் பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரில் ஊறவையுங்கள், போதும். பிவிசி உறையில் வைத்தால் பச்சைப் பிசுக்கு படியும், அமிலமில்லாத காகித உறை நல்லது. வெண்கல நாணயத்தில் வெளிர்பச்சையாக மாவு மாதிரி பூத்தால் அது அரிப்பு நோய், உடனே பிரித்துத் தனியாக வையுங்கள். கடலோர ஊர்க்காரர்கள் டப்பாவில் சிலிக்கா ஜெல் போடாமல் மூடவே கூடாது.

உறைக்குள்ளேயே ஒரு சீட்டு: எடை, அகலம், வாங்கிய தேதி, யாரிடம், என்ன விலை, பெல்லாவில் கிடைத்த எண்.

7. இரண்டாவது நாணயம்

இந்தோ-கிரேக்க மன்னர் மெனாண்டரின் திராக்மா, பௌத்த நூலில் வரும் மிலிந்தன் இவர்தான். 2.4 கிராம் சொச்சம், வேறு எடை வழக்கு, குழம்ப வேண்டாம். ஒரு பக்கம் கிரேக்கத்தில் 'பஸிலெயோஸ் ஸோட்டேரோஸ் மெனாண்ட்ரூ', மறுபக்கம் அன்றைய வடமேற்கு இந்தியாவின் கரோஷ்டி எழுத்தில் 'மஹரஜஸ த்ரதரஸ மெனத்ரஸ'. இரண்டுக்கும் பொருள் ஒன்றே: காக்கும் அரசன் மெனாண்டருடைய. இந்த மாதிரி இருமொழி நாணயங்களை வைத்துத்தான் 1830களில் ஜேம்ஸ் பிரின்செப் போன்றவர்கள் கரோஷ்டியைப் படித்தார்கள். கரோஷ்டி வலமிருந்து இடமாக ஓடும். வாங்கியதும் கிரேக்கப் பக்கத்தில் 'மெனாண்ட்ரூ'வைக் கண்டுபிடித்துவிட்டு, திருப்பி அதே பெயரை எதிர்த் திசையில் தேடிப் பாருங்கள்.