நெடும்பயணத்தில் பெருநகருக்குள் சைக்கிளில் நுழைவது எப்படி? கடைசி 30 கிலோமீட்டருக்கு ஒரு தனித் திட்டம்

டியூப் மாற்றுவது, பைகளை இரு பக்கமும் சம எடையாகக் கட்டுவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். பல நாள் ஊர்ப்புறச் சாலைகளில் நிம்மதியாக ஓட்டிவிட்டு, திடீரென்று ஒரு பெருநகரத்தின் வாசலில் போய் நிற்கிற நாள்தான் எனக்கு எப்போதும் வயிற்றைக் கலக்கும். அந்தக் கடைசி 30 கிலோமீட்டரை ஒரு முழுநாள் வேலையாக எடுத்துக்கொண்ட பிறகுதான் பயம் குறைந்தது.

1. முந்தின இரவே வெளியே தங்கிவிடுங்கள்

நகரத்துக்கு 30, 40 கிலோமீட்டர் முன்பாகவே நிறுத்திவிடுங்கள். நூறு கிலோமீட்டர் ஓட்டிய களைப்போடு சாயங்கால நெரிசலில் நுழைவதுதான் பெரிய தவறு. மறுநாள் விடிந்ததும் கிளம்புங்கள். அது அந்த ஊரின் வார விடுமுறை நாளாக அமைந்தால் இன்னும் நல்லது. நகரத்துக்குள் தங்கப்போகும் அறையை நீங்கள் நுழைகிற பக்கமாகவே பாருங்கள், சைக்கிளை உள்ளே வைக்க இடம் உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

2. பாதை

கார் ஓட்டுபவர்களுக்கான வழியைக் காட்டும் வரைபடத்தை நம்ப வேண்டாம். நான் பிரவுட்டர் (BRouter) என்ற சைக்கிள் பாதை போடும் கருவியில் பாதை போட்டு, ஜிபிஎக்ஸ் (GPX) என்ற பாதைக் கோப்பாக எடுத்து, ஆஸ்மாண்ட் (OsmAnd) என்ற வரைபடச் செயலியில் ஏற்றிக்கொள்கிறேன். இணையம் இல்லாமலே வேலை செய்யும். ஆர்கானிக் மேப்ஸ் (Organic Maps) என்ற வரைபடச் செயலியும் போதும், புதியவர்களுக்கு அதுதான் சுலபம். ஆற்றங்கரை, கால்வாய்க்கரைப் பாதைகள் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால் புறவழிச்சாலை வருவதற்கு முன்பிருந்த பழைய சாலை. கடையும் கூட்டமுமாக இருக்கும், ஆனால் அங்கே எல்லா வண்டியும் மெதுவாகத்தான் போகும். என்னைக் கேட்டால், காலியான அதிவேகச் சாலையைவிட ஊர்ந்து நகரும் நெரிசலே மேல்.

3. மேம்பாலம்: நான் மாட்டிக்கொண்ட இடம்

இதை மட்டும் பொறுமையாகப் படியுங்கள். ஒருமுறை சாலை இரண்டாகப் பிரிந்தது, ஒன்று மேலே, ஒன்று கீழே. வரைபடத்தில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே கோடு. நான் மேலே ஏறிவிட்டேன். ஓரத்தில் ஒதுங்க இடமே இல்லை, லாரி கடக்கும்போதெல்லாம் காற்று சைக்கிளை முதலில் தள்ளி, அப்புறம் உள்ளே இழுத்தது. கைப்பிடிச் சுவரை ஒட்டி, முழங்கை சிமென்டில் உரச, இறங்கும் இடம் வரை தள்ளிக்கொண்டே போனேன்.

போனைக் குறை சொல்லிப் பயனில்லை. ஜிபிஎஸ் உயரத்தை அவ்வளவு துல்லியமாகக் கணிக்காது, நீங்கள் பாலத்தின் மேலா கீழா என்று அதற்குத் தெரியாது. உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவர்களில் பட்டுத் திரும்புவதால் உங்கள் புள்ளி பக்கத்துத் தெருவுக்கே தாவிவிடும்.

இப்போது முந்தின இரவே கடைசி 30 கிலோமீட்டரின் ஒவ்வொரு சந்திப்பையும் செயற்கைக்கோள் படத்தில் பெரிதாக்கிப் பார்க்கிறேன். முக்கியமான ஏழெட்டுத் திருப்பங்களை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி ஹேண்டில்பார் பையின் மேலுறைக்குள் செருகிவிடுவேன். "பாலத்தின் அடியில், தண்ணீர்த் தொட்டி தாண்டி உடனே கால்வாய்" என்ற மாதிரி. கிளைச்சாலை பிரிகிற இடத்தை நேராகக் கடக்க வேண்டுமென்றால், வேகமாக வரும் வண்டிகளுக்குக் குறுக்கே சாய்ந்து போகாதீர்கள். பிரியும் முனைக்கு முன்பே ஓரமாக இறங்கி நின்று, இடைவெளி கிடைத்ததும் குறுக்கே நேராகத் தள்ளிக் கடந்துவிடுங்கள்.

4. உள்ளே வந்த பிறகு

நிற்கும் கார்களிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி ஓட்டுங்கள், கதவு எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது. சாலையின் கடைசி விளிம்பை ஒட்டவும் வேண்டாம், கண்ணாடித்துண்டும் சாக்கடை மூடியும் அங்கேதான். சிக்னலில் லாரி, பேருந்தின் பக்கவாட்டில் நிற்கவே நிற்காதீர்கள், ஓட்டுநர் கண்ணுக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். டிராம் தண்டவாளத்தை முடிந்தவரை செங்குத்தாகக் கடக்கவும். பாரம் ஏற்றிய சைக்கிள் நிற்க அதிக தூரம் எடுக்கும், ஈரச் சாலையில் இன்னும் அதிகம். பின்புறம் பார்க்கும் கண்ணாடி ஒன்று கட்டாயம் மாட்டுங்கள், தலைக்கவசத்தில் மாட்டுவதைவிட ஹேண்டில்பார் நுனியில் மாட்டுவதே எனக்குப் பிடிக்கும்.

5. ரயில்

பாதுகாப்பான பாதையே கிடைக்கவில்லையென்றால் புறநகர் ரயிலில் ஏறிவிடுங்கள். சைக்கிளை எந்த நேரத்தில் அனுமதிப்பார்கள் என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிப் பதிவுச் செயலியின் ஹீட்மேப்பை, அதாவது பலர் ஓட்டிய தடங்களைப் பளிச்சென்று காட்டும் வரைபடத்தைப் பார்த்துப் பாதை போட்ட ஒருவர், நிறையப் பேர் ஓட்டிய சாலை என்று நம்பிப் போய் விரைவுச்சாலையில் மாட்டிக்கொண்டதாக எழுதியிருந்தார். பாரமில்லாத பந்தய சைக்கிள்காரர்கள் விடியற்காலையில் ஓட்டிய தடம்கூட அதில் பளிச்சென்று தெரியும், ஆகவே அதை இரண்டாவது சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சுரங்கப்பாதை பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள்: உள்ளே ஜிபிஎஸ் கிடைக்காது, சைக்கிளுக்குத் தடையும் இருக்கலாம், அதனால் சுற்றுவழியையும் அதே துண்டுச்சீட்டில் எழுதிவிடுங்கள்.