வாக்ஸல் நிலப்பரப்பு: சேமிப்பதும் திரும்ப ஏற்றுவதும்

விளையாட்டின் நிலத்தை வாக்ஸல் எனும் சிறு கனசதுரங்களால் கட்டும்போது, சேமிக்கும் கோப்புக்குள் போக வேண்டியவை வாக்ஸல் மதிப்புகள் (கல், மணல் போன்ற வகை) மட்டுமே. திரையில் வரையும் முக்கோண வலையான மெஷ் வேண்டாம், அது இடத்தை அடைக்கும், ஏற்றும்போது மதிப்புகளிலிருந்தே மறுபடி கட்டிவிடலாம். சீட் என்ற தொடக்க எண்ணிலிருந்து நிலம் உருவாகும் விளையாட்டு என்றால், ஆட்டக்காரர் கைவைத்த சங்க்குகளை (நிலத்தைப் பிரித்த சம அளவுக் கட்டிகளை) எழுதினால் போதும். ஆனால் நிலத்தை உருவாக்கும் நிரலைப் பின்னர் மாற்றினால், பழைய சங்க்கும் புதிதாக முளைப்பதும் சேரும் இடத்தில் செங்குத்தான வெட்டு தெரியும். எனவே அந்த நிரலின் பதிப்பு எண்ணையும் சீட்டோடு சேர்த்து எழுதுங்கள். பழைய உலகங்கள் பழைய நிரலிலேயே ஓடட்டும்.

32×32×32 சங்க்கில் 32,768 வாக்ஸல்கள். ஒன்றுக்கு 2 பைட் என்றால் 64 கேபி. ஒரு சங்க்கில் பெரும்பாலும் சில வகைகள்தான் இருக்கும். அவற்றை ஒரு சிறு பட்டியலாக்கி, வாக்ஸலில் பட்டியல் எண்ணை மட்டும் வையுங்கள். 16 வகைக்குள் அடங்கினால் 4 பிட் போதும், 16 கேபியில் முடிந்துவிடும். பட்டியலில் வகையின் பெயரையே எழுதுவது நல்லது. பெயருக்குப் பதில் வகை எண்ணை நம்பினால், நடுவில் ஒரு புது வகை நுழைந்த அன்றே கல்லெல்லாம் மணலாகிவிடும். அடுக்கும்போது உயரம் கடைசியில் மாறட்டும்: நிலம் கிடைமட்டமாகப் படிந்திருப்பதால் ஒரே மதிப்பு நீளமாகத் தொடரும், தரவைச் சுருக்கும் நிரலகமான இசட்லிப் நன்றாகச் சுருக்கும்.

சங்க்குக்கு ஒரு கோப்பு என்று போனால் ஆயிரக்கணக்கில் சிறு கோப்புகள் குவியும். மைன்கிராஃப்டின் ரீஜியன் கோப்பு 32×32 சங்க்குகளை ஒன்றாக வைக்கிறது: முதல் 8,192 பைட் தலைப்பு, பிறகு 4,096 பைட் துண்டுகள். பின்பற்றத் தகுந்த அமைப்பு.

சங்க் எண்ணைக் காண ஆயத்தொலைவை 32ஆல் வகுக்கும்போது, எதிர்மறை ஆயத்தொலைவுதான் பலரை விழவைக்கும் இடம். சி++, சி#, ஜாவா மூன்றிலும் -1 / 32 என்பது 0. சங்க் எண் -1 ஆக வேண்டும். வகுக்காமல் >> 5 போடுங்கள், சங்க்குக்குள் உள்ள இடத்துக்கு & 31.

எழுதும் வேலை தனித் த்ரெட்டில் (ஆட்டத்தை நிறுத்தாமல் இணையாக ஓடும் இழையில்) நடக்கட்டும், சங்க்கின் நகலைக் கொடுத்து. 'மாறியது' என்ற கொடியை நகல் எடுக்கும் கணத்திலேயே இறக்குங்கள். எழுதி முடித்தபின் இறக்கினால் இடையில் வெட்டிய குழி காணாமல் போகும், ஏனென்றால் அந்த மாற்றத்தின் கொடியும் சேர்ந்தே இறங்கிவிடும். இதற்குச் சமமான இன்னொரு பொறி: ஆட்டக்காரர் விலகிச் சென்று உடனே திரும்புகிறார், முன்பு கொடுத்த எழுதும் வேலை இன்னும் வரிசையில் காத்திருக்கிறது, வட்டிலோ பழைய தரவு. ஆகவே ஏற்றும்போது முதலில் காத்திருக்கும் வரிசையைப் பாருங்கள், பிறகு வட்டை, அங்கும் இல்லையென்றால் மட்டுமே சீட்டிலிருந்து உருவாக்குங்கள்.

உலக விவரக் கோப்பை நேரடியாக மேலெழுதாதீர்கள். தற்காலிகக் கோப்பில் எழுதி, வட்டுக்குத் தள்ளி, பிறகு பெயர் மாற்றுங்கள். சங்க் தரவோடு சிஆர்சி32 என்ற சரிபார்ப்பு எண் இருந்தால் பாதியில் அறுந்த எழுத்தை ஏற்றும்போதே பிடித்துவிடலாம்.

மெஷ்ஷை ஆறு பக்கத்துச் சங்க்குகளும் வந்தபின் கட்டுங்கள். முன்கூட்டியே கட்டினால், எல்லையில் ஓட்டை விழும் அல்லது கண்ணுக்குத் தெரியாத முகங்கள் குவியும்.