இடுப்புக்குக் கீழே செயலிழந்த தெருநாயை ஃபாஸ்டர் (தத்துப் போகும்வரை வீட்டில் வைத்துப் பராமரிப்பது) எடுப்பவர்களுக்கு

வண்டி மோதி முதுகெலும்பு அடிபட்ட நாய்க்குத் தேவைப்படுவது இரண்டு. ஒன்று, நாளுக்கு நான்கு முறை சிறுநீர்ப்பையை அழுத்திக் காலி செய்துவிடும் ஒரு ஜோடி கை. இன்னொன்று, எப்போதும் காய்ந்திருக்கும் படுக்கை. நூற்றுக்கணக்கான நாய்கள் இருக்கும் காப்பகத்தில் இந்த இரண்டும் கிடைப்பது கடினம். இரண்டு பேர் இருக்கும் ஒரு சாதாரண வீட்டில் கிடைக்கும். இப்படிப்பட்ட நாய் காப்பகத்தில் செத்துப்போவதற்கு முதுகெலும்பு அடியைவிடச் சிறுநீர்த் தொற்றும் படுக்கைப்புண்ணுமே பெரும்பாலும் காரணமாகின்றன. தடுக்கக்கூடியவை என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறோம்.

அழைத்து வருவதற்கு முன்

முதல் கேள்வி: இது உண்மையிலேயே விபத்துதானா? வெறிநோயில் பெரும்பாலும் கடிக்க வராத ஒரு வகை உண்டு. பின்னங்கால் தளரும், கீழ்த்தாடை தொங்கும், எச்சில் ஒழுகும், குரைக்கும் குரல் மாறும், தண்ணீரை விழுங்க முடியாது. வண்டி மோதியதைப் பார்த்தவர் யாரும் இல்லை, உடம்பில் சிராய்ப்பு இல்லை, எக்ஸ்-ரேயிலும் அடி தெரியவில்லை என்றால் அந்த நாயை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். டாக்டர் மேற்பார்வையில் தனிக்கூண்டில் குறைந்தது 10 நாள் இருக்கட்டும். வாய்க்குள் யாரும் கை விடக்கூடாது. டிஸ்டெம்பர் என்ற, நாய்களுக்குள் பரவும் வைரஸ் நோயும் கால்களைத் தளர்த்தும். கண், மூக்கு ஒழுகலும் தாடையோ காலோ துடித்துக்கொண்டே இருப்பதும் அதன் அடையாளம். வீட்டில் தடுப்பூசி போடாத நாய் இருந்தால் டிஸ்டெம்பர் நாயை எடுக்கவே கூடாது.

ஃபாஸ்டர் வீட்டில் நாயைத் தொடும் ஒவ்வொருவரும் வெறிநாய்க்கடி தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள்: 0 (முதல் ஊசி போடும் நாள்), 7ஆம் நாள்கள், பிறகு 21 அல்லது 28ஆம் நாள். வலியில் இருக்கும் நாய் எவ்வளவு சாதுவானாலும் கடிக்கும். கடித்தால் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். முன்பே ஊசி போட்டவருக்கும் 0, 3ஆம் நாள்களில் இரண்டு ஊசி உண்டு.

டாக்டரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை: முறிவு எந்த இடத்தில்? எத்தனை வாரம் அசையாமல் வைக்க வேண்டும்? ஆழ்ந்த வலி உணர்வு இருக்கிறதா? கடைசிக் கேள்வியைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பின்விரலைக் கிள்ளும்போது கால் இழுத்துக்கொண்டால் உணர்வு இருக்கிறது என்று அர்த்தமில்லை. மூளைக்குச் செய்தி போகாமலேயே கால் இழுக்கும். நாய் திரும்பிப் பார்க்க வேண்டும், அல்லது கத்த வேண்டும், கடிக்க வர வேண்டும். அப்போதுதான் உணர்வு உண்டு, மறுபடி நடக்கும் வாய்ப்பும் கூடுதல். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் இதைத் தெளிவாகப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். தூக்கி வரும்போது பலகை மேல் படுக்கவைத்து, துணியால் தளர்வாகக் கட்டிக் கொண்டுவாருங்கள். கையில் வளைத்துத் தூக்கினால் முறிந்த எலும்பு தண்டுவடத்தை மேலும் அறுக்கும்.

இடம்

நான்கடிக்கு நான்கடி போதும். முறிவு ஆறும்வரை இதைவிடப் பெரிய இடம் கொடுக்காதீர்கள். நாலு அங்குல ஃபோம், அதன்மேல் ரெக்சின் உறை, அதன்மேல் பழைய வேட்டி அல்லது பருத்திப் புடவை. ஒரு நாளைக்கு ஆறேழு துணி மாறும் என்பதால் இருபது துண்டாவது கிழித்து வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிக் கொசுவலை கட்டாயம். கொசுவைவிட ஈதான் இங்கே எதிரி. ஈரமான ரோமத்தில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். மொட்டை மாடி, தகரக் கொட்டகை வேண்டாம். வெயில் நகர்ந்துவரும்போது இந்த நாயால் நிழலுக்கு நகர முடியாது.

சிறுநீர் எடுத்துவிடுவது

ஃபாஸ்டர் வேலையில் முக்கால் பங்கு இதுதான். "தானாகவே போய்க்கொண்டுதான் இருக்கிறது" என்று பலர் நம்பிவிடுகிறார்கள். படுக்கையில் சொட்டுச்சொட்டாக ஈரம் இருந்தால் பை நிரம்பி வழிகிறது என்று பொருள், காலியாகிறது என்றல்ல. நிரம்பியே இருக்கும் பையின் தசை இழுபட்டுத் தளர்ந்துவிடும். தேங்கிய சிறுநீரில் கிருமி பெருகி சிறுநீரகம் வரை ஏறும்.

நாளுக்கு நான்கு முறை. எந்த இரண்டு முறைக்கும் நடுவே எட்டு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. காலை 6, பகல் 12, மாலை 6, இரவு 11 என்று வைத்துக்கொண்டால் வேலைக்குப் போகும் வீட்டிலும் சமாளிக்கலாம், பகலில் ஒருவர் வந்துபோக வேண்டும். பத்து மணி நேரம் பூட்டிக் கிடக்கும் வீடு இந்த நாய்க்குச் சரிவராது. மூன்று கால் நாயையோ பார்வையில்லாத பூனையையோ எடுத்துக்கொள்ளுங்கள்.

செய்முறை இது. முதல் இரண்டு மூன்று தடவை டாக்டரின் கைக்குமேல் உங்கள் கையை வைத்துப் பழகுங்கள். எழுத்தைப் படித்து மட்டும் செய்யாதீர்கள். நாயை வலப்பக்கமாகப் படுக்கவையுங்கள், அல்லது இன்னொருவர் இடுப்பைத் துண்டால் தாங்கி நிற்கவைக்கட்டும். பின்தொடைகளுக்குச் சற்று முன்னால், வயிற்றின் கீழ்ப்பகுதியில் இரு பக்கமும் உள்ளங்கையைத் தட்டையாக வைத்து மெல்ல உள்ளே கொண்டுபோங்கள். தண்ணீர் நிரப்பிய பலூன் போல வழுக்கிக்கொண்டு உருளும் ஒன்று கைக்கு அகப்படும். 15 கிலோ நாட்டு நாய்க்கு நிரம்பிய பை ஒரு சாத்துக்குடி அளவு இருக்கும், சில சமயம் அதைவிடப் பெரிது. கெட்டியாக, கட்டிகட்டியாக அகப்பட்டால் அது மலம்.

பை கிடைத்ததும் இரு உள்ளங்கையாலும் ஒரே சீராக அழுத்தி, வாலை நோக்கித் தள்ளுங்கள். விரல்நுனியால் குத்தாதீர்கள். விட்டுவிட்டுப் பிசையவும் வேண்டாம். அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போய், சிறுநீர் வரத் தொடங்கியதும் அதே அழுத்தத்தில் நிறுத்திவையுங்கள். பீய்ச்சுவது நின்றதும் கையை எடுத்து அரை நிமிடம் விட்டு மறுபடி. கடைசியில் பை ஒரு காலிச் சுருக்குப்பை போலத் தளர்ந்து தட்டுப்பட வேண்டும்.

பை பாறை போல இறுகியிருந்து, சாதாரண அழுத்தத்துக்கு ஒரு சொட்டும் வரவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள். முதுகின் மேற்பகுதியில் அடிபட்ட நாய்களுக்குச் சிறுநீர்ப்பையின் வாய்த்தசை இறுகிக்கொள்ளும். பலத்தால் திறக்க முயன்றால் பை கிழிந்துவிடும். அதைத் தளர்த்த மாத்திரை உண்டு, அதுவரை டாக்டர் குழாய் வைத்து எடுப்பார். கீழ்முதுகில் அடிபட்ட நாய்களுக்கு நேர்மாறு: தொட்டாலே வரும், ஆனால் எப்போதும் ஒழுகும். உங்கள் நாய் எந்த வகை என்று முதல் நாளே தெரிந்துகொள்வது பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

வருவதை ஒரு பழைய அளவுக் குவளையில் பிடித்து எழுதிவையுங்கள். கிலோவுக்கு மணிக்கு 1 முதல் 2 மி.லி. வரை ஊறும். 15 கிலோ நாய்க்கு ஆறு மணி நேரத்தில் 90 முதல் 180 மி.லி. வரவேண்டும். 30 மி.லி. மட்டும் வந்தால் ஒன்று தண்ணீர் போதவில்லை, அல்லது பை முழுதும் காலியாகவில்லை. கலங்கல், துர்நாற்றம், ரத்தம், 103 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் உடல் சூடு: இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே டாக்டர். (நாயின் இயல்பான சூடு 101 முதல் 102.5. நம் கைக்கு எப்போதும் காய்ச்சல் போலத்தான் படும், தெர்மாமீட்டரை நம்புங்கள்.) இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத நாய்க்கு எரிச்சல் தெரியாது, அதனால் அறிகுறியே காட்டாமல் தொற்று வளரும். நன்றாக இருக்கும்போதும் டாக்டர் சொல்லும் இடைவெளியில் யூரின் பரிசோதனை செய்யுங்கள். சிறுநீர் குறையட்டும் என்று தண்ணீரை நிறுத்தும் தவறு அடிக்கடி நடக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள், தொற்றுக்கு அதைவிட நல்ல வரவேற்பு இல்லை.

தோல்

எழ முடியாமல் கிடக்கும் நாட்களில் இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவையுங்கள். இடுப்பெலும்பு, உட்காரும் எலும்பு, முழங்கை, கணுக்கால் ஆகியவற்றை தினமும் ரோமத்தை விலக்கி விரலால் தடவிப் பாருங்கள். படுக்கைப்புண் முதலில் ஒரு சிவப்புத் திட்டாகவும் ரோமம் கொட்டிய இடமாகவும் தெரியும். அந்தக் கட்டத்திலேயே அந்த இடம் தரையில் படாமல் பார்த்துக்கொண்டால் ஆறிவிடும். மேலே ஒரு ரூபாய் நாணயம் அளவு தெரியும் புண் உள்ளே அதைவிடப் பெரிதாக இருக்கும். ஆற மாதக்கணக்கில் ஆகும்.

டயபர் வெளியே கொண்டுபோகும்போது மட்டும். குழந்தை டயபரில் வாலுக்கு ஓட்டை வெட்டி, ஓரத்தை டேப்பால் ஒட்டிக்கொண்டால் ஜெல் கொட்டாது. மூன்று மணி நேரத்துக்கு மேல் விட்டால் தோல் வெந்துபோகும். வெந்த இடத்தை வெதுவெதுப்பான நீரால் கழுவி, ஒற்றி உலர்த்தி, தேங்காய் எண்ணெயை மெல்லிசாகப் பூசுங்கள். குழந்தைகளுக்குப் பூசும் துத்தநாக க்ரீம் வேண்டாம். நாய் நக்கிவிடும், துத்தநாகம் வயிற்றுக்குள் போனால் நஞ்சு. ஒழுகும் வகை நாய்க்குப் பின்பக்க ரோமத்தை ட்ரிம்மரால் ஒட்ட வெட்டிவிடுவது பாதித் தொல்லையைக் குறைக்கும்.

புண்ணில் புழு நெளிந்தால் மண்ணெண்ணெய், ஃபினாயில் எதுவும் ஊற்றாதீர்கள், நேரே மருத்துவமனைக்குப் போங்கள். உணர்வில்லாத கால்விரலை நாயே கடித்துத் தின்னத் தொடங்குவதும் உண்டு. எலும்பு தெரியும்வரை கடிக்கும், வலிக்காது. கழுத்தில் கூம்புக் காலர் ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கட்டும்.

சாப்பாடு, மலம்

தயிர்சாதம் மட்டும் போட்டு வளர்த்தால் புண் ஆறாது. சதை பிடிக்கப் புரதம் வேண்டும்: எலும்பில்லாத வேகவைத்த கோழி, முட்டை, அதனுடன் குறைந்த சோறு. வீட்டுக் குழம்பு கூடாது, வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். அசைவு குறைந்த நாய் சீக்கிரம் எடை போடும். எடை கூடினால் சிறுநீர்ப்பையும் கைக்கு அகப்படாது. மலம் உருண்டையாக இருந்தால் ஆசனவாயின் இருபுறமும் ஈரப் பஞ்சால் மெல்ல அழுத்தினாலே வெளியே வந்துவிடும். இறுகினால் வேகவைத்த பரங்கிக்காய் இரண்டு தேக்கரண்டி. வலிக்கு மனித மாத்திரை எதுவும் கிடையாது. ஐபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், பாராசிட்டமால் அரை மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

வண்டி

டாக்டர் முறிவு கூடிவிட்டது என்று சொன்ன பிறகுதான் சக்கர வண்டி. பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். முக்கால் அங்குல பிவிசி குழாய், முழங்கை இணைப்புகள், இரண்டு சக்கரம், மென்மையான தொடைப்பட்டை இருந்தால் வீட்டிலேயே கட்டலாம். அளக்க வேண்டியவை: இயல்பாக நிற்கும்போது தரையிலிருந்து உள்தொடை வரை உயரம், இடுப்பின் அகலம், அக்குளிலிருந்து தொடை இடுக்கு வரை நீளம், நெஞ்சுச் சுற்றளவு. போட்டதும் பக்கவாட்டில் நின்று பாருங்கள்: முதுகு சமமாக இருக்க வேண்டும். பின்பக்கம் உயர்ந்தால் பாரம் முழுதும் முன்தோளில் ஏறும். முதல் நாள் ஐந்து நிமிடம், பிறகு மெல்ல இருபது. வண்டியோடு நாயால் படுக்க முடியாது, அதனால் ஒரு நிமிடம்கூடத் தனியே விட்டுப் போகாதீர்கள். வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு திரியும்போது சிமெண்ட் தரை தொடையைத் தேய்த்துவிடும், தடித்த ஜீன்ஸ் துணியில் ஒரு பை தைத்து மாட்டுங்கள்.

பூனை என்றால்

செயலிழந்த பூனைக்கும் முறை இதுவே, பை எலுமிச்சை அளவில் ஒரு கைக்குள் அடங்கும். தரையை டெட்டாலாலும் ஃபினாயிலாலும் துடைக்காதீர்கள், பாதத்தை நக்கும் பூனைக்கு இரண்டும் நஞ்சு. நாய்க்கு விடும் பெர்மெத்ரின் உண்ணி மருந்தும் அப்படியே. பார்வையில்லாத பூனைக்கு மண் தட்டு, கிண்ணம், கட்டில் எதையும் இடம் மாற்றாமல், ஜன்னலுக்கு வலை அடித்தால் பெரும்பாலும் போதும். பிறவியிலேயே தள்ளாடும் குட்டிகள் உண்டு, கருவில் இருக்கும்போதே சிறுமூளை வளராததால் வருவது. அது வயதாக ஆக மோசமாவதில்லை, தத்துக் கேட்பவரிடம் இதை முதலில் சொல்லுங்கள். இரண்டு நாள் சாப்பிடாத பூனையைக் காத்திருந்து பார்க்காதீர்கள், கல்லீரல் கெட்டுவிடும்.

தத்துக் கொடுப்பது

படத்தில் வண்டியை மறைத்து அழகான முகத்தை மட்டும் போட்டால் அழைப்பு நிறைய வரும், நாய் திரும்பியும் வரும். சிறுநீர் எடுத்துவிடும் காணொளியை முதலிலேயே அனுப்புங்கள். அதைப் பார்த்த பிறகும் வருகிறவர்தான் உங்கள் ஆள். அவர் மூன்று முறையாவது வீட்டுக்கு வந்து தன் கையால் எடுத்துக் காட்ட வேண்டும், நீங்கள் குவளையில் அளந்து பார்க்க வேண்டும். அவர் ஊருக்குப் போகும்போது செய்ய இரண்டாவது நபர் யார் என்று கேளுங்கள். அவரும் வந்து கற்கட்டும். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் நீங்களே ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். கருத்தடையும் தடுப்பூசிகளும் முடித்தே கொடுங்கள். டயபர், பரிசோதனை, மருந்துக்கு மாதம் எவ்வளவு செலவானது என்ற உங்கள் கணக்கைக் காட்டுங்கள். வைத்துக்கொள்ள முடியாமல் போனால் தெருவில் விடாமல் உங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

நாயோடு கொடுத்தனுப்ப வேண்டியவை: எக்ஸ்-ரே, மருந்துச் சீட்டு, நேரமும் மி.லி.யும் எழுதிய நோட்டு, அதற்குப் பழகிய வாசனையுள்ள இரண்டு துவைக்காத துணி. புது வீட்டில் முதல் இரண்டு நாள் நாய் வயிற்றை இறுக்கிக்கொள்ளும், அளவு குறையும். அந்த இரண்டு நாளும் ஒவ்வொரு வேளைக்கும் எவ்வளவு வந்தது என்று போனில் கேளுங்கள். ஒரு வேளை முழுவதும் எதுவும் வரவில்லை என்றால் அடுத்த வேளைக்குக் காத்திராமல் நேரில் போய் நீங்களே எடுத்துப் பாருங்கள், வரவில்லையெனில் அங்கிருந்தே டாக்டரிடம்.