படகு ஒருக்களித்து ஓடுகிறதா? டிரிம் டேப்பைத் தொடும் முன்

வேகமெடுத்ததும் மோட்டார் படகு ஒரு பக்கம் ஒருக்களித்தால், பலரின் கை உடனே டிரிம் டேப் பொத்தானுக்குப் போகும். படகின் பின்முனையில் இரு பக்கமும் மேலும் கீழும் அசையும் தகடுகள்தான் டிரிம் டேப். படகு நிமிர்ந்துவிடும், சரி. ஏன் சாய்ந்தது என்பது மட்டும் தெரியாமலே போய்விடும். மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

காரணம் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். டேப்களை முழுக்க மேலே ஏற்றிவிட்டு, எஞ்சினை அணைத்து, ஆட்களை நடுவில் உட்கார வைத்துப் பாருங்கள். நிற்கும்போதே சாய்ந்தால் அது எடைக் கோளாறு. பேட்டரியும் எரிபொருளும் சாமான்களும் ஒரே பக்கம் சேர்ந்திருக்கும், அல்லது அடியில் தண்ணீர் தேங்கியிருக்கும். தேங்கிய நீர் சாய்ந்த பக்கமே ஓடிச் சாய்வைக் கூட்டும். அதனால் முதலில் அதை இறையுங்கள்.

ஓடும்போது மட்டும் சாய்ந்தால், அப்படியே திரும்பி எதிர்த்திசையில் ஓட்டிப் பாருங்கள். சாய்வு மறுபக்கத்துக்கு மாறினால் காற்றுதான் காரணம். காற்று தள்ளும் திசையில் படகு சாயும் என்றுதான் நினைப்போம். ஆனால் வேகத்தில் அது காற்று வரும் பக்கமாகவே சாயும். முன்பக்கத்தைக் காற்று ஒதுக்க, நேராகப் போவதற்காக நாம் ஸ்டீயரிங்கைக் காற்றுப் பக்கம் திருப்பிப் பிடிக்கிறோமே, அதன் விளைவு இது. இங்கே டிரிம் டேப்தான் சரியான மருந்து.

எந்தத் திசையில் போனாலும் ஒரே பக்கம் சாய்கிறது, எஞ்சின் வேகத்தை, அதாவது திராட்டிலைக் கூட்டக் கூட்டச் சாய்வும் கூடுகிறது என்றால், படகைத் தள்ளும் சுழலியான புரொப்பல்லரின் முறுக்குவிசையைச் சந்தேகியுங்கள். புரொப்பல்லர் சுழலும் திசைக்கு எதிர்த்திசையில் படகை உருட்டப் பார்க்கும் விசை அது. பின்னாலிருந்து பார்க்கையில் கடிகாரத் திசையில் சுழலும் புரொப்பல்லர் படகின் இடப்பக்கத்தைத் தாழ்த்தும். எஞ்சினின் கீழ்ப்பகுதியைப் படகிலிருந்து விலக்கி அளவுக்கு மீறி வெளிப்பக்கம் சாய்த்திருந்தால் இது இன்னும் மோசமாகும். காசு செலவழிக்கும் முன் அதைக் கொஞ்சம் உள்ளே இழுத்துப் பாருங்கள்.

டேப் ஸ்விட்சில் குழம்பாதவர் குறைவு. இடது டேப் இறங்கினால் படகின் இடது பின்புறம் எழும்பும். ஆனால் பல ஸ்விட்சுகள், முன்பக்கம் எந்தப் பக்கமாகத் தாழ வேண்டும் என்ற கணக்கில் இணைக்கப்பட்டவை. அவற்றில் உயர்ந்து நிற்கும் பக்கத்துப் பொத்தானைத்தான் அழுத்த வேண்டும். அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள். ஒரு தட்டுத் தட்டி, படகு பதில் சொல்லும்வரை காத்திருங்கள். பொறுமையில்லாமல் அழுத்தினால் முன்பக்கம் தண்ணீரைக் குத்தி, ஸ்டீயரிங் சொன்னபடி கேட்காது. பின்னாலிருந்து அலை தள்ளும்போது இது ஆபத்து, அப்போது டேப்களை மேலே ஏற்றிவிடுங்கள். ரிவர்ஸ் எடுக்கும் முன்பும் அப்படியே, இல்லாவிட்டால் தகடு வளையும்.

படகின் பின்னால் வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சினில் புரொப்பல்லருக்கு மேலே இருக்கும் சின்னத் துடுப்பையும் டிரிம் டேப் என்றே சொல்கிறார்கள். பெயர்தான் ஒன்று. ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுப்பதைத்தான் அது சரிசெய்யும், படகின் சாய்வை அல்ல. வலப்பக்கம் இழுத்தால் அதன் பின்விளிம்பை வலப்பக்கம் நகர்த்த வேண்டும்.

அப்புறம் புரொப்பல்லர். மூன்று இதழுக்குப் பதில் நான்கு இதழ் போட்டால் பின்புறம் பொதுவாக நன்றாக எழும்பும், பிடிப்பும் கூடும். ஆனால் முறுக்குவிசை எங்கும் போய்விடாது. பிட்ச்சை, அதாவது ஒரு சுற்றில் புரொப்பல்லர் முன்னேற வேண்டிய தூரத்தை, 1 அங்குலம் குறைத்தால் எஞ்சின் சுழற்சி நிமிடத்துக்குச் சுமார் 150 முதல் 200 வரை ஏறும். ஆகவே முழுத் திராட்டிலில் எஞ்சின் தயாரிப்பாளர் சொன்ன வரம்புக்குள் நிற்கிறதா என்று பார்க்காமல் மாற்றாதீர்கள். வலச்சுழற்சி எஞ்சினில் இடச்சுழற்சி புரொப்பல்லரை மாட்டிச் சாய்வைப் போக்கலாம் என்று ஒரு யோசனை அவ்வப்போது காதில் விழும். முன் கியரில் படகு பின்னால் போகும், அவ்வளவுதான்.

முறுக்குவிசை அடங்க எதிரெதிராகச் சுழலும் இரண்டு புரொப்பல்லர்கள் வேண்டும். இரட்டை எஞ்சின் படகுகளில் ஒன்றை வலமாகவும் மற்றொன்றை இடமாகவும் சுழல வைப்பது இதற்காகத்தான். வோல்வோ பென்டா 1982-இல் கொண்டுவந்த டியோபுரொப்பில் ஒரே டிரைவில் (எஞ்சின் விசையைப் புரொப்பல்லருக்குக் கடத்தும் பகுதி) இரண்டும் அப்படிச் சுழல்கின்றன. ஒற்றை வலச்சுழற்சிப் புரொப்பல்லர் படகு வைத்திருப்பவர் கனமான சாமான்களை வலப்பக்கம் நகர்த்தி, மிச்சச் சாய்வை மட்டும் டேப்பிடம் விடலாம்.