ரிப்போர்ட்டில் 'அனீமியா' என்று இருந்தால் எப்படிப் படிப்பது?

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் அனீமியா என்று பார்த்ததும் "உடம்புல ரத்தமே இல்லையாம்" என்று வீட்டில் பதறிவிடுவார்கள். முதலில் அந்த வார்த்தையை இரண்டாக உடையுங்கள். கிரேக்கத்தில் 'அன்' என்றால் இல்லாமை, 'ஹைமா' என்றால் ரத்தம். பெயரே ரத்தமின்மை என்றுதான் இருக்கிறது, பதறியவர்கள் மேல் தப்பில்லை. ஆனால் பெரும்பாலும் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும், குறைந்திருப்பது ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் (அதிலுள்ள 'ஹீமோ'வும் இதே ஹைமாதான்). நாம் ரத்தசோகை என்கிறோம், பழைய வைத்தியத்தில் பாண்டு. பாண்டு என்றால் வெளிறிய நிறம். எனக்கு இந்தப் பெயர்தான் பிடிக்கும், கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் தெரிகிற வெளுப்பை அப்படியே சொல்கிறது.

சரி, அடுத்து எண்ணைப் பாருங்கள். ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டருக்கு ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழே, பெண்களுக்கு 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கர்ப்பிணிகளுக்கு இன்னும் கொஞ்சம் குறைவு, சுமார் 11.

அப்புறம் எம்சிவி என்ற வரி. சிவப்பணுக்களின் சராசரிப் பருமன் அது. 100க்கு மேல் போனால் பி12, ஃபோலேட் என்ற வைட்டமின்கள் குறைவா என்று பார்ப்பார்கள். 80க்குக் கீழே என்றால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு, ஆனால் பெற்றோரிடமிருந்து வருகிற தலசீமியாவிலும் இப்படித்தான் காட்டும். 'தலஸ்ஸா' என்றால் கடல். மத்தியதரைக் கடலோரத்திலிருந்து வந்த குடும்பங்களின் குழந்தைகளிடம் இந்த நோயைப் பார்த்ததால் 1932ல் விப்பிள், பிராட்ஃபோர்டு என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் வைத்த பெயர், கடலும் ரத்தமும் சேர்ந்தது. நம் நாட்டிலும் அது நிறையவே உண்டு. அதனால் எம்சிவி குறைவு என்றதும் நீங்களாக இரும்பு மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்காதீர்கள், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

இன்னொரு வார்த்தையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இஸ்கிமியா. இதிலும் ஹைமா உண்டு, முன்பாதிக்குத் தடுத்து நிறுத்துதல் என்று பொருள். உடம்பில் ரத்தம் நிறைய இருந்தாலும் ஏதோ ஓர் உறுப்புக்குப் போதுமான அளவு போய்ச் சேரவில்லை. இசிஜியில் இந்த வார்த்தை இருந்து நெஞ்சும் வலித்தால் பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை என்று உட்கார்ந்திருக்காதீர்கள், அந்த நிமிடமே 108ஐக் கூப்பிடுங்கள்.